இந்திரகுமார் டிரைவர் நடக்காமல் விட்ட தூரம்

அப்பா மாத்தளை - இலுக்கும்புர பஸ் டிரைவர். பெயர் இந்திரகுமார். எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். லொறியில் கிளீனராகச் சேர்ந்தார், லைசென்ஸ் எடுத்தார், டிப்போவில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அந்த ஒரே பாதைதான். ரத்தோட்டையைத் தாண்டினால் வளைவுகள் தொடங்கிவிடும். ரிவஸ்டன் கணவாயில் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளும். மழைக்காலத்தில் முன்கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பயணிகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து மலையைப் பார்த்து வியந்துகொண்டு போவார்கள். அவர் ரோட்டு விளிம்பைப் பார்த்து ஓட்டினார்.

ஓய்வு பெற்ற வாரம் சொன்னார்: "அந்த ரோட்ட எனக்குத் தெரியும். மலையத் தெரியாது. நடந்து பாக்கப் போறேன்."

ஒரே மூச்சில் நடக்க வயது இடம் தரவில்லை. அதனால் பகுதி பகுதியாக. சனிக்கிழமை காலை பஸ்ஸில் போவது, போனமுறை நிறுத்திய இடத்தில் இறங்குவது, அங்கிருந்து குறுக்குப் பாதைகளில் நடப்பது, தெரிந்தவர் காணியில் கூடாரம் போட்டுத் தூங்குவது, ஞாயிறு மாலை எங்கே முடிகிறதோ அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வருவது. அடுத்த முறை அதே இடத்திலிருந்து. மாதத்துக்கு ஒருமுறை, சில மாதங்களில் அதுவும் இல்லை.

கூடப் போனவர் அப்துல் ஸமத். அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அப்பா அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். நாங்களும் அப்படியே. மூன்றாவது ஆள் சீசன். ரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த நாய். சீசன் டிக்கட் வைத்திருக்கிற ஆள் மாதிரி தினமும் டிக்கட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறி, பின்சீட்டுக்குக் கீழே படுத்து, இலுக்கும்புரவரை போய்த் திரும்பி வந்ததால் நானா வைத்த பெயர். அப்பா ஓய்வு பெற்ற நாளில் அவர் பின்னாலேயே அலுவிகாரை வீட்டுக்கு வந்துவிட்டது.

அப்பா ஜனவரியில் இறந்தார். மாரடைப்பு. வீட்டு முற்றத்தில் ஷூ காயவைத்துக்கொண்டிருந்தபோது. அம்மா முன்பே இல்லை. நான் ஒரே பிள்ளை. கொழும்பில் மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் பராமரிக்கும் டெக்னீஷியன். நான் இருப்பது மூன்றாம் மாடியில் ஒரு அறை. நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். அலுவிகாரை வீடு வாடகை வீடு. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். சாமான்களுக்கு ஆள் கிடைத்தது. சீசனுக்கு இடம் கிடைக்கவில்லை.

நானாதான் இலுக்கும்புர கிரிபண்டாவைச் சொன்னார். கிரிபண்டா ரோட்டோரத்தில் மிளகுத் தோட்டமும் கொஞ்சம் வயலும் வைத்திருக்கும் விவசாயி. பஸ்ஸில் சந்தைக்குப் போய்வந்த பழைய பயணி. காட்டுப்பன்றித் தொல்லைக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். போனில் பேசினோம். கொண்டுவாருங்கள் என்றார்.

"பஸ்ஸில கொண்டுபோய் விட்டுட்டு வந்துரலாம் நானா," என்றேன்.

"பஸ்ஸிலயா? உங்கட அப்பாவுக்குக் கடைசிப் பகுதி ஒண்டு மிச்சம் ஈக்கி. கைகாவலயிலிருந்து இலுக்கும்புர. நடந்தே கொண்டு பெய்த்து விடுவம்."

அப்படித்தான் முடிவானது. நான் அதுவரை அவர்களோடு நடந்ததில்லை. சனி ஞாயிறுகளில்தான் அலுவலகக் கட்டடங்களில் லிஃப்டை நிறுத்தி வேலை செய்ய விடுவார்கள். அப்பாவின் ஷூவைப் போட்டேன். ஒரு சைஸ் பெரிது. இரண்டு ஜோடி சொக்ஸ் போட்டதும் சரியாக இருந்தது.

கைகாவலயைத் தாண்டி ஒரு மதகு. அங்கே இறங்கினோம். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

"மகன், பின்னுக்கு வாங்க."

"ஏன் நானா?"

"இந்தக் கல்லுலதான் போன முற அவரு கால வெச்சி லேஸ் கட்டினது. இங்க இருந்து தொடங்கோணும். நீங்க நிக்கிற எடத்தில இருந்து தொடங்கினா நடுவில ரெண்டு மூணு அடி நடக்காத எடமாப் பெய்த்திடும். பொறகு அந்த ரெண்டு அடிக்காக மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வரோணும்."

திரும்பி வந்து கல்லின் பக்கத்தில் நின்றேன். சீசனுக்குக் கொழும்பில் ஒரு கழுத்துப்பட்டியும் கயிறும் வாங்கியிருந்தேன். மாட்டி இழுத்தேன். அது உட்கார்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். முன்கால்களை ஊன்றிக்கொண்டது.

"வரமாட்டேங்குதே."

"இழுக்காதீங்க. அதென்ன ரிவர்ஸ் கியர்ல நிக்கிற லொறியா? இன்னும் பெல் அடிக்கல்ல."

நானாவின் பையில் ஒரு அலுமினியக் கோப்பை தொங்கியது. கரண்டியால் அதை இரண்டு முறை தட்டினார். சீசன் எழுந்து நடந்தது.

விஷயம் இதுதான். பஸ்ஸில் ஒரு பெல் என்றால் நில். இரண்டு பெல் என்றால் போ. டிரைவர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் நடப்பதற்குக் கண்டக்டர் பொறுப்பு. இருவரும் மலைப்பாதையிலும் அதையே வைத்துக்கொண்டார்கள். அப்பா முன்னால், நானா பின்னால், நாய் நடுவில். அட்டை ஏறினால், தண்ணீர் குடிக்க, தொழ, ஒரு தட்டு. கிளம்ப இரண்டு தட்டு. யாரும் கத்த வேண்டியதில்லை. நாய் அதைத் தானாகவே கற்றுக்கொண்டது. ஒரு தட்டுக்கு உட்காரும். இரண்டு தட்டு கேட்கும்வரை எழாது.

நல்ல முறை என்று எனக்குப் பட்டது. ஒரு சைகைக்கு ஒரு வேலை. கயிற்றைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஆனால் எனக்குப் பழக்கம் வரவில்லை. கைவிட்ட தேயிலை மலையொன்றின் வழியே ஏறும்போது பின்னால் ஒரு தட்டு கேட்டது. நான் நடந்துகொண்டே இருந்தேன். வளைவு திரும்பிய பிறகுதான் தனியாக நடப்பது தெரிந்தது. திரும்பி வந்தால் நானா கல்லில் உட்கார்ந்து காலில் இருந்த அட்டைக்குச் சவுக்காரம் தடவிக்கொண்டிருந்தார். சீசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"பெல் அடிச்சும் நிப்பாட்டாத டிரைவர். டிப்போவுக்கு எழுதிப் போட்டா லைசென்ஸ் பெய்த்திடும்."

"கேக்கல நானா."

"நாய்க்குக் கேட்டிச்சே."

பகலில் ஓர் ஓடைக்கரையில் அவர் தொழுதார். மதியத்துக்கு இடியப்பமும் கட்டைச் சம்பலும். அவர் மனைவி ஸைனம்பு மாமி கட்டிக் கொடுத்தது. நடக்கும்போது அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டு வந்தார். பெரும்பாலும் சாதாரண விஷயங்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று பேசுகிறவர்களுக்கு அப்பா பதிலே சொல்லமாட்டாராம். ஒருமுறை ஓர் ஆள் ரத்தோட்டையிலிருந்து கணவாய்வரை தன் மகளின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கணவாயில் பஸ்ஸை நிறுத்தியதும் அப்பா கேட்டாராம், "இப்ப சொல்லுங்க, என்ன சொன்னீங்க?"

"அவன் முதல்லயிருந்து சொன்னானா?"

"சொன்னானே. பஸ் முழுக்கத் திரும்பவும் கேட்டிச்சி."

எனக்கு அந்தக் கதை தெரியாது. வீட்டிலும் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பிடும்போது பேசினால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்பார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம்.

கணவாயைச் சுற்றியுள்ள காட்டுக்குள் கூடாரம் போட அனுமதி இல்லை. அதனால் அதற்குக் கீழே, நானாவுக்குத் தெரிந்த ஒருவரின் காணியில் தங்கினோம். பழைய தேயிலைச் செடிகளுக்கு நடுவே தட்டையான ஒரு இடம். கூடாரத்தின் கயிறுகளை நான் காற்றின் திசை பார்த்து இழுத்துக் கட்டினேன். நானா சுற்றிவந்து பார்த்தார்.

"லிஃப்ட் மாதிரி கட்டியிருக்கீங்க. இது மேல போகப் போறதில்ல மகன். கீழ நிண்டாப் போதும்."

இருட்டுவதற்கு முன் மழை தூறியது. சீசன் நனைந்து வந்து, நான் எதிர்பார்க்காத விதமாக, நானாவின் காலில் சாய்ந்து நின்றது. கையை நக்கியது. அவர் அதைத் திட்டவில்லை. எழுந்து ஓடைப் பக்கம் போனார். நானும் பாத்திரத்தோடு போனேன். மண்ணைக் குழைத்துக் கையில் பூசிக் கழுவினார். பிறகு நான் ஊற்ற ஊற்ற வெறும் தண்ணீரால். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்கத்தில் மொத்தம் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒன்று மண்ணோடு.

"உங்கட அப்பாதான் ஊத்துவாரு. ஊத்திக்கிட்டே எண்ணுவாரு. அஞ்சு எண்டு சொல்லிப்போட்டு மறுகா நாலு எண்டுவாரு. எனக்குக் கணக்குக் கொழம்பிடும். திரும்ப முதல்லயிருந்து."

"வேணும்னேவா?"

"வேறென்ன. வேற என்ன வேல அந்த மனுசனுக்கு."

நான் சரியாக எண்ணினேன்.

அரிசியும் டின்மீனும் வேகும்போது நானாவே பேச்சை எடுத்தார். நான் கேட்கவில்லை. "நான் வெச்சிக்கொள்ள ஏலாதா எண்டு நீங்க நெனச்சிருப்பீங்க."

"இல்ல நானா."

"நெனச்சாலும் பிழையில்ல. எங்கட வீடு உங்களுக்குத் தெரியும்தானே. கதவத் தொறந்தா ரோட்டு. ஸைனம்பு தொழுறதும் சமைக்கிறதும் பேரப்புள்ளையள் படுக்குறதும் எல்லாம் ஒரே கூடத்தில. நாய எங்க வெக்கிற? காணி காவலுக்கு நாய் வெக்கலாம். எனக்குக் காணி எங்க? எனக்கிட்ட இருந்ததெல்லாம் பஸ்தான். அதுவும் என்ட பஸ் இல்ல."

சீசன் தன் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அரிசிப் பானையைப் பார்த்தது. நடக்கும் நாட்களில் அது நன்றாகச் சாப்பிடும் என்றார்.

ஞாயிறு காலை கணவாய். காற்று இருந்தது. அப்பா ஷூவின் உள்ளே என் கால் கொஞ்சம் வழுக்கியது. கீழே இறங்கும்போது மூடுபனி விலகி மலைகள் தெரிந்தன. நல்ல காட்சி. போன் எடுத்துப் படம் பிடித்தேன். அனுப்ப ஆள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. போனைப் பையில் வைத்தேன். பின்னால் இரண்டு தட்டு கேட்டது. நடந்தேன். அந்த நேரத்துக்குள் நானும் பழகியிருந்தேன்.

கிரிபண்டாவின் வீடு ரோட்டுக்கு மேலே, நாலைந்து படி ஏறினால் முற்றம். அவரும் அவர் மனைவி மெனிக்கேயும் காத்திருந்தார்கள். பேச்சு சிங்களத்தில். கிரிபண்டா நாயைச் சுற்றிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். வயதான நாயாகத் தெரிகிறதே, குரைக்குமா என்று கேட்டார். பஸ்ஸுக்குக் குரைக்காது, மற்ற எல்லாவற்றுக்கும் குரைக்கும் என்று நானா சொன்னார். மெனிக்கே தேநீர் தந்தார். நாய்க்குச் சோறும் கருவாடும் ஒரு சட்டியில் வைத்தார்.

நாங்கள் எழுந்ததும் சீசனும் எழுந்தது. பையிலிருந்த கயிற்றை நான் பட்டியில் மாட்டிக் கொடுக்க, கிரிபண்டா பிடித்துக்கொண்டார். அது கத்தத் தொடங்கியது. கயிற்றைக் கடித்தது. கழுத்துப்பட்டி காதுவரை ஏறிவிட்டது. கழுத்து அறுபடும் என்று மெனிக்கே சத்தம் போட்டார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நானா கோப்பையை ஒரு தட்டுத் தட்டினார்.

சீசன் உட்கார்ந்தது. சத்தமும் நின்றது. கிரிபண்டா பட்டியைக் கழற்றினார். அது அசையவில்லை.

"போவம்," என்றார் நானா.

இலுக்கும்புரவில் பஸ் திரும்பும் இடம் அங்கிருந்து அதிகத் தூரம் இல்லை. நடந்தோம். கற்கள் போட்ட ஒரு திடல், ஒரு கடை, ஒரு மரம். அப்பா பஸ்ஸைத் திருப்பிய இடம். திடலின் நடுவரை போய் நின்றோம். பகுதி முடிந்தது. மாத்தளையிலிருந்து இங்குவரை நடக்காத இடம் இல்லை. நான் ஏதாவது உணர வேண்டும் என்று காத்திருந்தேன். கால் வலித்தது. பஸ் நின்றிருந்தது. நான் ஏறி இரண்டு பேருக்கு இடம் பிடித்தேன்.

நானா ஏறவில்லை. கீழே நின்றார்.

"என்ன நானா?"

"எறங்குங்க மகன். நான் ஒரு பிழை செஞ்சிட்டேன்."

இறங்கினேன். அவர் வேகமாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ரத்தோட்டையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் ஒரு தட்டுத் தட்டி நாயை உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்களாம். தெரிந்த வேன்காரர் ஒருவர் வந்தார். மழை. பேச்சு மும்முரத்தில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த நாள் காலை அப்பா திரும்பிப் போனபோது சீசன் அதே இடத்தில், மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் வைத்த பணிஸ் ரொட்டியை எறும்பு மொய்த்திருந்தது.

"நிப்பாட்டி வெச்சா திங்காது. குடிக்காது. நான் ஒரு பெல் அடிச்சிட்டு வந்திட்டேன். அது ரெண்டு பெல் கேக்கும் மட்டும் அங்கேயே குந்திக்கொண்டு ஈக்கும்."

"திரும்பிப் போய் ரெண்டு தட்டுத் தட்டிட்டு வந்தா?"

"ரெண்டு தட்டினா நம்மளோடதானே வரும்."

பஸ் கிளம்பிவிட்டது. அடுத்தது பின்னேரம்தான். நாங்கள் திரும்பி நடந்தோம். எனக்கு ஒரே சிந்தனைதான் இருந்தது. இது சரிவராவிட்டால் நாயைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் நான் அறையை விட வேண்டும், வேறு அறை தேட வேண்டும், பகல் முழுக்க அது பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். அதைவிட இந்த முற்றம் நல்லது. ஆனால் இந்த முற்றத்தில் அது பட்டினியாக உட்கார்ந்திருக்கிறது.

உட்கார்ந்துதான் இருந்தது. விட்ட இடத்திலேயே. தூறல் விழுந்ததால் மெனிக்கே உரப் பையொன்றைப் பிரித்து அதன் முதுகில் போர்த்தியிருந்தார். கோழிகள் சட்டியில் இருந்த சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. எழவில்லை.

"நோய் பிடித்த நாயைத் தந்துவிட்டீர்களா?" என்று கிரிபண்டா கேட்டார். கூப்பிட்டாலும் வரவில்லை, தூக்கினாலும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருகிறது என்றார்.

நானா முறையை விளக்கினார். கிரிபண்டா சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார், ஏனென்றால் நானா சிரிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தண்ணீர்த் தகரத்தில் படபடவென்று அடித்தார். குரங்கு விரட்டுகிற அடி. சீசன் காதை மடக்கிக்கொண்டது.

"அப்படியில்லை," என்றார் நானா சிங்களத்தில். "இரண்டு மட்டும். நடுவில் மூச்சு விடும் நேரம்."

கிரிபண்டா மறுபடி தகரத்தில் இரண்டு தட்டினார். சீசன் அவரைப் பார்த்தது. பிறகு நானாவைப் பார்த்தது. உட்கார்ந்தே இருந்தது.

"நம்ம ரெண்டு பேரும் மறைஞ்சு நிக்கலாமா?" என்றேன்.

"வேணாம். கண்டக்டர் மாறுறது ஒளிஞ்சி செய்யிற வேலயில்ல. பஸ் முன்னாலயே மாறுவோம். பழையவன் எறங்குவான், புதியவன் ஏறுவான். டிரைவர் ரெண்டு பேரையும் கண்ணால காணோணும். அப்பதான் புதியவன்ட பெல்லுக்குப் பஸ் எடுப்பாரு."

நானா பையிலிருந்து கோப்பையை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் எடுத்தது. கோப்பையையும் கரண்டியையும் கிரிபண்டாவின் கையில் கொடுத்தார். நாய் பார்க்கும்படி, அதன் எதிரில் நின்று கொடுத்தார். பிறகு படிகளில் இறங்கி ரோட்டில் நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் இறங்கி நின்றேன்.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. லிஃப்ட் பெட்டியின் கூரையில் ஏறி வேலை செய்யும்போது ஓட்டும் பொத்தான் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். கைமாற்றினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கைமாற்றியதால் ஆட்கள் நசுங்கியிருக்கிறார்கள். நானா செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிரிபண்டா தட்டினார். முதல் தட்டு மெதுவாக விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது.

சீசன் ரோட்டைப் பார்த்தது. நானா அசையவில்லை. அவர் நாயின் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தால் நாய் படியில் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் திருப்பவில்லை. கிரிபண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யன்ன," என்றார் நானா மெல்ல. போ என்பதற்கு எல்லா பஸ்ஸிலும் கேட்கும் சிங்களச் சொல்.

உரப் பை முதுகிலிருந்து சரிந்து விழுந்தது. சீசன் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. கிரிபண்டா மிளகுத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். பின்னால் திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று நானா அவரிடம் சொல்லவில்லை. அவராகவே அப்படி நடந்தார். நாய் கொஞ்சம் இடைவெளி விட்டு அவர் பின்னால் போனது. கொடிகளுக்கு நடுவே இருவரையும் சிறிது நேரம் பார்க்க முடிந்தது. பிறகு முடியவில்லை.

மெனிக்கே எங்களை முற்றத்துக்குக் கூப்பிட்டார். மறுபடி தேநீர். நானா குடிக்கவில்லை, கையில் வைத்திருந்தார். தேநீர் ஆறியது. ஒரு பேச்சுக்காக நான் மிளகு விலையைக் கேட்டேன். மெனிக்கே சொன்னார். என்ன சொன்னார் என்று நினைவில்லை.

கிரிபண்டா சுற்றி வந்து சமையலறைப் பக்கம் நின்றார். சீசன் அவர் காலடியில். மெனிக்கே கோழிகளை விரட்டிவிட்டு சட்டியைக் கழுவிப் புதிதாகச் சோறும் கருவாடும் போட்டார். அது முதலில் கருவாட்டை மட்டும் பொறுக்கித் தின்றது. சோற்றை முகர்ந்து பார்த்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மறுபடி சட்டிக்குள் குனிந்து தின்னத் தொடங்கியது.

சட்டி காலியாகும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினோம்.